ஒன்றரை மணிப் புகை

“இருளப்பன் மேல எழுதுன புகாரை எடுங்க சார். நான் படிக்கணும்.”

1983 ஜனவரி 20, வியாழன், காலை 10.10. இயக்குநர் இராமலிங்கத்தின் பேனா நின்றது. வேலையில் சேர்ந்த அன்றே அமிர்தவல்லிக்குச் சொல்லியிருந்தார்கள்: கணக்குப் போடுகிறவள் கோப்பைக் கேட்கக் கூடாது.

“உனக்கெதுக்கும்மா இந்தச் சோலி?”

“செய்யாத தப்புக்கு அந்த மனுசன் கைநாட்டு வெச்சுட்டுப் போயிருக்காரு சார்.”

இழப்பு தெரிந்தது திங்கள் காலை எட்டு மணிக்கு. பெருமாள்மலைக்கு மேலிருந்த அந்தச் சின்ன விண்வெளி ஆய்வு மையத்தின் பதிவறையில், குளிர்காய விறகு எரிக்கும் கணப்பில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்களின் அளவைக் கோடாக வரைந்த செப்டம்பர் மாதக் காகிதச் சுருள் கரியாகிக் கிடந்தது. சூரியப் புயலால் கோடு பள்ளமாய் இறங்கியிருந்த சுருள். சூரியக் குடும்பத்தின் விளிம்பை அறியப் போய்க்கொண்டிருந்த விண்கலத்தை அதே புயல் ஜனவரி இரண்டாம் வாரம் எட்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியவள் அமிர்தவல்லி. சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து தந்தி வந்தது: எட்டிவிட்டது.

குளிருக்கு எரித்துவிட்டான் என்று இரவுக் காவலர் இருளப்பனை அன்றே நீக்கினார்கள். மறுநாள் குடியிருப்பும் காலி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம் அவருடையது. அமிர்தவல்லியின் குடும்பமும் அப்படித்தான். அவள் வீட்டில் ஐந்து பேர் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள்.

இராமலிங்கம் தாளைத் தள்ளினார். ஒரே வரி: ‘திங்கள் 01.30, பதிவறைக் கணப்பில் புகை.’ கீழே மூத்த ஆய்வாளர் சுவாமிநாதனின் கையெழுத்து. அவரும் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

அவள் துப்புரவுக்கார மூக்கம்மாவை உள்ளே அழைத்தாள்.

“திங்கக்கெழமை கணப்பை எப்பக்கா கூட்டுனீங்க?”

“வெள்ளன ஆறு மணிக்கு. சாம்பலை வழிச்சு அள்ளிட்டேன். நக்குன தட்டுக்கணக்கா கெடந்துச்சு.”

“இருளப்பண்ணன்?”

“அப்பவே சாவியக் குடுத்துட்டு கேட்டைத் தாண்டிருச்சு. அண்ணன் சாமான் ஏத்துறப்பவே உங்கிட்ட இதைச் சொன்னேனே, தாயி!”

அமிர்தவல்லி ஒரு கணம் தலைகுனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ராத்திரி எரிஞ்சிருந்தா ஆறு மணிக்கே அள்ளியிருப்பாங்க. பதிவறையில எந்த நேரம் சார் ஓடுது?”

நிர்வாகத்திலிருந்து வந்த இராமலிங்கத்துக்கு இப்போதுதான் உறைத்தது. விண்கலத் தகவலோடு ஒப்பிட, அந்த அறைக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரம் ஓடும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்.

“அந்த ஒன்றரை, நமக்குக் காலை ஏழு. அந்தக் கடிகாரத்தைப் பாத்து எழுதியே பழகுன கை எழுதிருச்சு. ஏழு மணிக்குப் பதிவறையில நின்னவரு நீங்க. எரிச்சதும் நீங்கதான், சுவாமிநாதன் சார்.”

சுவாமிநாதன் ஜன்னலிலிருந்து திரும்பினார். “என் கணிப்புன்னு டெல்லிக்கு எழுதிட்டேன்மா. உன் பென்சில் எழுத்து போனாப் போதும்னு நெனைச்சேன். புகையைப் பாத்து யாராவது கேப்பாங்கன்னு நானே முந்தி எழுதி வெச்சேன். இவர் அந்த ஒன்றரையை ராத்திரின்னு படிச்சு இருளப்பனைக் கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லலை.”

“நானுந்தான் சொல்லல,” என்றாள் அமிர்தவல்லி.

“அவனைத் திரும்ப எடுத்துக்குவோம்,” என்றார் இராமலிங்கம். “எங்க போனான்?”

“லாரியில ஏறுனாக. எங்கிட்டுன்னு சொல்லலீங்க,” என்றாள் மூக்கம்மா.

“நானூறு கோடி கிலோமீட்டர் தாண்டி ஓடுற கலம் இப்ப எங்க இருக்குன்னு கேட்டா ஒடனே சொல்வீங்க சார்,” என்றாள் அமிர்தவல்லி.

இராமலிங்கம் குரலைத் தணித்தார். “அந்தக் கணிப்பைப் பத்தின கட்டுரையில உன் பேரையே போடுறோம். லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்த் தேடு.”

“லீவு இல்ல சார், ராஜினாமா. காலையிலயே ஆபீஸ்ல குடுத்தாச்சு. இந்தச் சம்பளத்துக்காகத்தான் ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இருந்தா இன்னொருக்கா மூடிருவேன்.”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. லாரிக்காரர்களிடம் விசாரிக்க, பெருமாள்மலை இறக்கத்தில் வெரசாக நடந்தாள்.