நான் சொல்ற வரைக்கும்

தொலைபேசியின் ஒரு முனையில் மருத்துவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். காகிதங்கள் புரளும் ஓசை கேட்டது. இன்னொரு முனையில் நோயாளி காத்திருந்தார். அவர் வீட்டு மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை எதன்மீதோ தட்டித் தட்டி ஓடியது. அந்த இரண்டு ஓசைகளுக்கும் நடுவில், ஹெட்செட் மாட்டியிருந்த அவள் காதுக்கு மிக அருகில், யாரோ வாய் திறந்தார்கள். பேசவில்லை, திறந்தார்கள், அவ்வளவுதான். உலர்ந்த நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம். கோந்து காய்ந்த உறையை மெல்லப் பிரிப்பதுபோல.

தன் வாயாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பேசியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு வாய் உலராமல் என்ன செய்யும்? பக்கத்திலிருந்த குவளையிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் மறுபடியும் கேட்டது.

அழைப்பு முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். எந்த வாக்கியத்தையும் ‘ஹலோ’ இல்லாமல் தொடங்கத் தெரியாத மனிதர். அவளும் தங்கையும் அவருக்கு ஹலோ சார் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பதிவைக் கேட்டுப் பார்த்ததாகவும், பேசினவர்களைத் தவிர அதில் யாருமில்லை என்றும், எதற்கும் ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள் என்றும் அவர் சொன்னார். மாற்றினாள். புதியதில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

வீட்டின் மிகச் சிறிய அறைதான் அவள் அலுவலகம். தெருச் சத்தம் உள்ளே வராதபடி சுவரெங்கும் பழைய கம்பளிகளையும் விரிப்புகளையும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். சன்னல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கதவைச் சாத்தினால் தூசியும் பாச்சை உருண்டையும் கலந்த நெடி, காதில் பஞ்சு அடைத்ததுபோல ஓர் அமைதி. உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காக இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும், அங்கே இருக்கும் ஒரு மருத்துவமனைக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் பேசுவாள். மருத்துவருக்கு அந்த ஊர் மொழி, நோயாளிக்குத் தமிழ்.

இந்தத் தொழிலில் ‘மருத்துவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’. நோயாளி ‘எனக்கு வலிக்கிறது’ என்றால் இவளுக்கும் வலிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, விழுங்கவும் கூடாது. “காலையில டாக்டர், மத்தியானம் பேஷன்ட், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் எங்க அக்கா வருவா” என்று தங்கை கிண்டல் செய்வாள்.

அந்தத் தங்கைதான் இப்போது தானும் போகவேண்டும் என்கிறாள்.

மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ராத்திரி தூக்கத்தில் அவள் மூச்சு சட்டென்று நின்றுவிடும். பக்கத்துக் கட்டிலில் அக்கா எழுந்து உட்கார்ந்து, அது திரும்பி வரும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பாள். உள்ளூர் மருத்துவரும் செய்துகொள்வது நல்லது என்றுதான் சொன்னார். இங்கே இடம் கிடைக்க வருடக்கணக்காகும் என்பதால் வெளிநாடு. தங்கை விளையாட்டாக முடிவெடுக்கிறவள் இல்லை. செய்துகொண்டு தேறினவர்கள், அவதிப்பட்டவர்கள் எழுதினதையெல்லாம் படித்து, சாதக பாதகங்களை அலசி, கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் பாக்கி வைத்திருந்தாள்.

“நீதான் தினமும் பாக்கற. நீ சரின்னா போறேன், வேண்டாம்னா இப்பவே விட்டுடறேன். ஆனா போனா, நீதான் லைன்ல இருக்கணும். உன் குரல் சொல்றதை மட்டும்தான் கேப்பேன்.”

‘பாக்கலாம்’ என்று சொல்லியே அக்கா இத்தனை வாரம் ஓட்டிவிட்டாள். இன்று மாலை மருத்துவர் தங்கையோடு பேசப்போகிறார். அந்த அழைப்பு முடிவதற்குள் சம்மதம் சொன்னால்தான் தேதி கிடைக்கும்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஏன் என்று கேட்பாளே.

போன வருடம் ஒரு தையல்காரம்மா போனார். முதல் அழைப்பிலேயே, “ஊருக்கெல்லாம் அளவெடுத்தவ நான், எனக்கு டேப்பு பத்தலம்மா” என்று சிரித்தவர். மருத்துவர் சிரிக்கட்டும் என்று அதை அப்படியே மொழிபெயர்த்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை, இவள்தான் சிரித்தாள். பிடித்துப்போனது. விதியை மீறித் தன் சொந்தக் கைபேசி எண்ணையும் கொடுத்தாள். அவசரம்னா கூப்பிடுங்க, எந்த நேரமானாலும் சரி என்று சொன்னாள்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்று மருத்துவர் வழக்கம்போல ஒரு வாக்கியம் சொன்னார். வழக்கம்போல அவளும் சொன்னாள். “நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காதீங்க.”

தையல்காரம்மா ஈனக் குரலில், “எனக்கு வாயைக் கட்டத் தெரியாதுன்னுதான் வீட்ல எல்லாரும் சொல்றாங்க. பாருங்க, கட்டிக் காட்டறேன்” என்றார்.

மறுநாள், இனி குடிக்கலாம் என்று சொன்னது நர்ஸ். அந்த ஊர் மொழியில், சைகையில், குவளையை உதட்டருகே கொண்டுபோய்ச் சொன்னார். தையல்காரம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ‘நான்’ என்று தமிழில் சொன்ன குரல் எதுவோ அது வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார். ஏற்றிக்கொண்டிருந்த சலைனையும் எடுத்துவிட்டு அவரை விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் காத்திருந்தார். இவளுடைய கைபேசிக்குக் கூப்பிட்டார்.

இவள் பார்த்தாள். வெளிநாட்டு எண் ஒளிர்ந்ததை நன்றாகவே பார்த்தாள். அக்காவும் தங்கையும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். வேலை முடிந்த பிறகும் வேலையா என்று ஒரு சலிப்பு. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசைமேல் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. காலையில் ஒரு குரல் செய்தி இருந்தது. ‘அம்மா, இப்ப குடிக்கலாமா?’ அதற்கு முன்னால், நாக்கு பிரிகிற அந்தச் சத்தம்.

அவள் கேட்டபோது அந்தம்மா உயிரோடு இல்லை.

ரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துவிட்டது என்று மருத்துவமனை சொன்னது. நீர் வற்றிய உடம்பில் அப்படி உறையும் என்று இவளுக்குத் தெரியும். உடன் போயிருந்த கணவருக்கு அதைத் தமிழில் சொன்னதும் இவள்தான். அவர் அழவில்லை. பெருமையாகக்கூடச் சொன்னார். “நீங்க சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டாம்மா. நானும் கெஞ்சினேன், ரெண்டு மடக்குக் குடின்னு. அந்தம்மா சொல்லட்டும்னுட்டா. ஈரத் துணியால உதட்டை மட்டும் தொட்டுக்கிட்டா. கடைசி வரைக்கும் வாயைக் கட்டிட்டா.”

என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார்.

நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தாள்.

அதற்குப் பிறகு கைபேசியில் இருந்ததையெல்லாம் அழித்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காததுதான் தொண்டையில் நின்றது.

இன்று மதியத்துக்கு மேல் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

முதலில் ஹெட்செட்டின் பஞ்சுக்குள்ளிருந்து வருவதாக நினைத்தாள். இணைப்பைப் பிடுங்கிப் போட்ட பிறகும் வந்தது. பிறகு எதிர்ச் சுவரின் கம்பளிக்குப் பின்னாலிருந்து. கம்பளிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை நுழையாது. ஆனால் அது மெதுவாக, யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுப்பதுபோல உப்பி, மெதுவாகத் தணிந்தது. பாச்சை உருண்டை நெடியோடு வேறொரு நெடி கலந்திருந்தது. வெகுநேரம் எதுவும் இறங்காத வாயிலிருந்து வரும், புளித்த, இனிப்பான நெடி. தங்கையின் கடைக்குப் பட்டினி கிடந்து வருகிறவர்களின் வாயில் அது வரும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

‘குடிங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. வெறும் சுவர்தானே, சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று ஆகிவிடும். சொல்ல வேண்டியிருந்தது தான்தான் என்றும் ஆகிவிடும். சொல்லாமல் எழுந்து வெளியே வந்தாள்.

மாலை வெயில் கூடத்தில் சாய்ந்து விழுந்திருந்தது. தங்கை தலைசீவிப் பொட்டு வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாரானவள்போல உட்கார்ந்திருந்தாள். கைபேசியை மடியில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர்.

“என்னக்கா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எனக்குத்தானே ஆபரேஷன்?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் திரும்பினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகிவிட்டது.

அழைப்பு வந்தது. மருத்துவரின் குரல் எப்போதும்போல இதமாக இருந்தது. தங்கை முழங்காலைப் பற்றிச் சொன்னாள், மூச்சு நிற்பதைச் சொன்னாள், பயமாக இருக்கிறது என்று சொன்னாள். ஒவ்வொன்றையும் ‘நான்’ என்று அக்கா அந்த மொழியில் சொன்னாள். எனக்கு முழங்கால் வலிக்கிறது. எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. மருத்துவர் ஒவ்வொன்றாக விளக்கினார். பிறகு, அறுவை சிகிச்சை முடிந்ததும் என்ன நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்து, அந்த வாக்கியத்துக்கு வந்தார்.

வந்து, நிறுத்திவிட்டு, காத்திருந்தார்.

கம்பளிகள் எல்லாம் ஒன்றாக உப்பின.

கூடத்திலிருந்து தங்கையின் குரல், காதில் ஒருமுறையும் கதவு வழியாக ஒருமுறையும் கேட்டது. “அக்கா? என்ன சொல்றாரு? சரி, அதை விடு. அவர்கிட்ட கேக்கல, உன்கிட்ட கேக்கறேன். போகட்டுமா?”

காதருகே நாக்கு பிரிந்தது.

“இப்ப குடிக்கலாமாம்மா?”

அவள் ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தங்கை குவளையை எடுத்து அப்போதுதான் ஒரு வாய் குடித்திருந்தாள். மேலுதட்டில் ஈரம் மினுங்கியது. தங்கையின் முன்னால் மண்டியிட்டு, அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். போகாதே என்றாள். ஒருத்தர் இறந்துபோனார், என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்து இறந்துபோனார், கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன், கேட்டதை மறைத்தேன் என்றாள். இத்தனை மாதமாக நின்றது அத்தனையும் தடையில்லாமல் வந்தது.

தங்கை புரியாமல் பார்த்தாள்.

பிறகுதான் தன் குரலே அக்காவின் காதில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தது அந்த ஊர் மொழி.

நிறுத்தினாள். நாக்கை ஈரமாக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். ‘தண்ணீர்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். வேறு சொல் வந்தது. தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள். பேர் நினைவில் இருந்தது. வாயில் இல்லை. தங்கையின் மடியிலிருந்த கைபேசியில், மறுமுனையில் இருந்த மருத்துவர் மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கைபேசி தமிழில் பேசியது. அக்காவின் குரல். அதே நிதானம், அதே கனிவு. மொழிபெயர்க்கும்போது விழும் அந்தச் சின்ன இடைவெளிகூட இருந்தது.

“நீ போயிட்டு வா. ஒண்ணும் ஆகாது. நான் எப்பவும் லைன்ல இருப்பேன்.”

தங்கையின் முகம் மலர்ந்தது. கைபேசியைப் பார்த்துத்தான் மலர்ந்தது.

இல்லை, இல்லை என்று அவள் கத்தினாள். அந்த மொழியில். இடைவெளி விட்டு, குரல் அதையும் மொழிபெயர்த்தது.

“இப்பவே பழகிக்கோ. நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காத.”

“சரிக்கா.”

தங்கை குவளையைக் கீழே வைத்தாள்.

அவள் அதைப் பிடுங்கித் தங்கையின் உதட்டில் வைத்து அழுத்தினாள். பல்லில் விளிம்பு இடித்தது. தங்கை வாயைத் திறக்கவில்லை. கோபப்படவும் இல்லை. முன்பின் தெரியாத நர்ஸிடம் சொல்வதுபோல, மரியாதையாக, அவள் கையை விலக்கினாள்.

“வேண்டாங்க. எங்க அக்கா சொல்லட்டும்.”

மறுபடி அழுத்தினாள். தண்ணீர் மூடிய உதட்டின்மேல் வழிந்து, தாடையில் ஓடி, கழுத்தை நனைத்து, மடியில் சொட்டியது. உதடு மட்டும் நனையவில்லை. அவள் கண்ணெதிரிலேயே வெளுத்தது. தோல் சுருங்கியது. நடுவில் மெல்லிய ஒரு கோடாக வெடித்தது.

மடியில் கிடந்த கைபேசிக்குள் யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள். மடக், மடக் என்று, மூச்சு வாங்காமல், நிறுத்தாமல்.