வேதவல்லி பார்த்த வேலை

"ஒரே வார்த்தை, வேதா! 'நோ'ன்னு சொல்லு, போதும். நீ பாட்டுக்குக் குழந்தையோட அம்மா மீன் பொரிச்சுக் குடுத்தா, பூசணிக்காய் குடுத்தான்னு கதையை ஆரம்பிச்சிடாதே..."

கண்ணாடி முன் நின்று டையை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினான் மகாதேவன். வேதவல்லி உப்புமாவைக் கிளறினாள். எழுபத்துநாலாம் வருஷத்து ஜூலைக் குளிர் சிலுசிலுவென்று ஜன்னல் இடுக்கு வழியே வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ்காரர் வருகிறார். அதற்காகவே மகாதேவன் ரயில்வே அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்தான்.

ஜூலையில் குளிர்கிற இந்தத் தென்கோடி நாட்டில், டூங்கபி என்ற ஊரில் இந்த வீட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சென்ற மாதம் பின்படிக்கட்டின் பலகை ஒன்று பிளந்து, மூன்று வயதுக் கமலினி சிமெண்டுத் தரையில் விழுந்தாள். முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று பாக்கி.

கமலினி அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சத்தியபாமாவின் மகள். சத்தியபாமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குள் குழந்தையை வேதவல்லியிடம் விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். விழுந்த நாளிலிருந்து குழந்தை இங்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்த விருந்தாளி விழுந்தால் வைத்தியச் செலவை இன்ஷூரன்ஸ் கொடுக்கும். காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற குழந்தை விழுந்தால் கொடுக்காது. அது வீட்டில் நடத்தும் வியாபாரமாம்!

"நம்ம வீட்டுப் பொம்பளை காசுக்கா பிள்ளை பார்க்கிறா? உண்மையைச் சொல்றதுக்கு என்ன தயக்கம்?" என்றான் மகாதேவன். பிறகு, சாப்பாட்டு மேஜையில் பேப்பருக்குள் தலையைப் புதைத்திருந்த அண்ணன் கல்யாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினான். "எனக்கு வேலை போன அந்த எட்டு மாசம் நீங்க தவணை கட்டலேன்னா இந்த வீடே நம்மகிட்ட இருந்திருக்காது. நீங்களே இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கண்ணா."

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வேதவல்லி அடுப்பை அணைத்தாள். அந்த எட்டு மாதம் அவளுக்கு மறக்குமா? வேலை தேடி அலைந்து களைத்துச் சுவரைப் பார்த்தபடி கிடந்தான் அவள் கணவன். அப்போதுதான் கமலினியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் சத்தியபாமா குழந்தையின் பைக்குள், மாற்றுச் சட்டைக்கு அடியில் சம்பளத்தை வைத்துவிட்டுப் போவாள். அது அப்படியே கல்யாணசுந்தரத்தின் கைக்குப் போகும்.

"பெரியத்தான், இது உங்க பணமாவே இருக்கட்டும். அவர் ஏற்கெனவே பாதி ஆளாப் போயிட்டார். பெண்டாட்டி சம்பாத்தியம்னு தெரிஞ்சா நொறுங்கிடுவார்..." என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மகாதேவனுக்கு வேலை கிடைத்த பிறகும், தவணையில் ஒரு பங்கை அண்ணன் கட்டுவதாகவே அந்த ஏற்பாடு தொடர்ந்தது.

நேற்று மாலை சத்தியபாமாவும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மாதான் பாத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ அக்கா. நாங்களும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டம். பிள்ளையின்ர ஆபரேஷன் நடந்திடும்."

எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு பொய்தான். அவள் ரகசியத்துக்கும் அதுவே நல்லது.

வந்தவர் நரைத்த மீசைக்காரர். பின்படிக்கட்டைக் குனிந்து பார்த்தார். தேநீருக்கு நன்றி சொன்னார். கேள்விகளுக்கெல்லாம் மகாதேவனே ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"உங்கள் மனைவிக்கு என்ன வேலை?"

"வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். அந்தக் குழந்தை வந்தால் இவளுக்குப் பொழுது போகும், அவ்வளவுதான்."

பேனா அதை எழுதிக்கொண்டது.

சும்மா...! இருமலில் குழந்தை மூச்சுத் திணறிய நாளெல்லாம் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தது சும்மாவா? கஞ்சி ஊட்டியதும், கழிவறைக்குப் பழக்கியதும், தூங்கவைத்ததும் பொழுதுபோக்கா? குழந்தை இல்லாத இந்த வீட்டில் அந்தப் பிஞ்சு, ஏதோ தேநீருக்கு வந்து போன விருந்தாளியா?

"மிசஸ் மகாதேவன், குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்களுக்குப் பணம் தந்தார்களா?"

மகாதேவன் புன்னகையோடு மனைவியைப் பார்த்தான்.

"தந்தார்கள்," என்றாள் வேதவல்லி, தெளிவான ஆங்கிலத்தில். "வாராவாரம். அதுதான் என் வேலை."

நரைத்த மீசைக்காரர் பேனாவை மூடினார். "இப்படிச் சொன்னால் கம்பெனி எதுவும் தராது, அம்மா. தெரிந்துதானே சொல்கிறீர்கள்?"

"தெரிந்துதான்."

வாசற்கதவு சாத்தப்படும் வரைதான் மகாதேவன் பொறுத்தான்.

"காசு வாங்கினியா? எனக்குத் தெரியாமலா? நான் வேலைக்கு நாயா அலைஞ்சப்ப நீ பணத்தைப் பதுக்கி வெச்சுக்கிட்டிருந்தியா? எங்கடி அந்தப் பணம்?"

வேதவல்லியின் கண்கள் நிறைந்தன.

"நீ உட்கார்ந்திருக்கியே, இந்த வீடுதான்டா அந்தப் பணம்!" என்றார் கல்யாணசுந்தரம்.

"அண்ணா...?"

"தவணை நான் கட்டலடா. என் சம்பளம் ஊருக்கு அனுப்பவே பத்தாது. எல்லாம் இவ குடுத்தது. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா..." "சத்தியம் மட்டும் காரணம் இல்ல. நீ 'அண்ணா, அண்ணா'ன்னு நன்றி சொல்றப்பல்லாம் எனக்குச் சுகமா இருந்துது. அதான் வாயைத் திறக்கல. இவளை ஒரு வேலையும் இல்லாதவள்னு நீ சொன்னப்ப, எனக்குப் பொறுக்கலடா!"

மகாதேவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய், உடைந்த படியின் மேல் உட்கார்ந்துகொண்டான். டை காற்றில் ஆடியது. அலுவலகத்துக்கு அவன் போகவே இல்லை.

மாலையில் விஷயம் கேள்விப்பட்டுச் சீருடையோடு வந்தாள் சத்தியபாமா. "ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்? ஒரு சொல்லுத்தானே! என்ர பிள்ளையின்ர கையை யோசிக்கேல்லையே நீங்கள்?"

"யோசிச்சேன் பாமா. நான் சும்மா பார்த்தேன்னு சொல்லிட்டா, அவ விழுந்ததுக்கு யாருமே பொறுப்பில்லைன்னு ஆயிடும். என் பொறுப்புல இருந்தப்பத்தான் விழுந்தா. அந்தச் செலவை நான் தர்றேன்."

"நாங்க தர்றோம்," என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. மகாதேவன் வாசலில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "பலகை ஆடுதுன்னு இவ எத்தனையோ தடவை சொன்னா. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது."

சத்தியபாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேதவல்லியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "முழுக்க உங்கட தலையில போட நாங்கள் என்ன மனுசரோ? அரைவாசியை நாங்கள் பாக்கிறம்..." என்றவள், குழந்தையை இனிக் கொண்டுவருவாளா என்று மட்டும் சொல்லாமலே போய்விட்டாள். அதைக் கேட்க வேதவல்லிக்கும் வாய் வரவில்லை.

சனியும் ஞாயிறும் கொல்லையில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. அண்ணன் பலகை பிடிக்க, தம்பி ஆணி அடித்தான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசற்கதவு தட்டப்பட்டது. வேதவல்லி ஓடிப்போய்த் திறந்தாள். மாவுக்கட்டோடு கமலினி நின்றாள்! அவளை அப்படியே வாரிக்கொண்டபோது, சத்தியபாமா பழக்கதோஷத்தில் சம்பள உறையைக் குழந்தையின் பைக்குள் ஒளிக்கப் பார்த்தாள்.

"அங்க எதுக்குங்க?" என்றான் மகாதேவன். "அவ கையிலேயே குடுங்க."

சத்தியபாமா கொடுத்தாள். வேதவல்லி வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நான் போட்டு வாறன் அக்கா!" ரயிலுக்கு ஓடினாள் சத்தியபாமா.

மகாதேவன் கொல்லைப்பக்கம் போய், புதுப்படிகளில் ஒவ்வொன்றிலும் ஏறி நின்று தொம்தொம்மென்று குதித்தான்.

"வேதா அன்ரி, அங்கிள் ஏன் குதிக்கிறார்?"

"உனக்காகத்தான் கண்ணு."

அலுவலகத்துக்குக் கிளம்பியவன் வாசல் வரை போய்த் திரும்பினான்.

"வேதா... உனக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்கு வேலை முடியும்?"

இத்தனை நாளில் அவன் கேட்டிராத கேள்வி. தோளில் சாய்ந்திருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்:

"நாலரைக்கு."