மாத்திரை கேட்காத தெரு

டெலிபோன் அலறியது!

சப்-இன்ஸ்பெக்டர் சக்கரபாணி கடித்த மசால்வடையை விழுங்காமலே ரிசீவரை எடுத்தார்.

"சார், மெடிக்கல் ஷாப் தேவசகாயம் பேசறேன்... என் கடைக்குள்ளயே என்னை வெச்சிப் பூட்டிட்டாங்க."

"யாருய்யா?"

"லைன்மேட்டுத் தெருப் பொம்பளைங்க. ஜல்தி வாங்க சார். ஷட்டர்மேல கல்லு விழுவுது."

திண்டிவனம் கடைத்தெருவில் ஜீப் பறந்தது.

ரயில் பாதையை ஒட்டிய குடிசை வரிசைதான் லைன்மேட்டுத் தெரு. அத்தனை பெண்களும் கடை வாசலில்! முன்னால் முனியம்மாள், கையில் சாவியோடு.

"என் தங்கச்சி தையல்நாயகி விழுப்புரம் ஆஸ்பத்திரியில கெடக்கறா சார். நீர்க்கடுப்புன்னு இந்தாளுகிட்ட மாத்திரை வாங்கித் தின்னா. கேக்கல. இப்ப கிட்னி வரைக்கும் போயிடுச்சாம். பொழைப்பாளான்னே தெரியல. இவன் விக்கறது மாவு மாத்திரை சார்."

"ஒருத்திக்குக் கேக்கலைன்னா டூப்பாம்மா?"

"எங்க தெருவுல ஒருத்திக்குமே கேக்கலையே."

சக்கரபாணி யோசித்தார். போன மாதம் அவருக்கும் அதே கடுப்பு. அதே கடை. அதே சிவப்பு-கறுப்பு மாத்திரை. இரண்டே நாளில் போன இடம் தெரியவில்லை. போலீஸ் கோட்ரஸில் எல்லோருக்கும் அந்த மாத்திரை அமிர்தம்.

ஆக... கோட்ரஸுக்கு அசல், குடிசைக்குப் போலி!

ஷட்டர் உயர்ந்தது. தேவசகாயம் கையில் விலங்கு ஏறியது.

"எல்லாருக்கும் ஒரே டப்பாதான் சார். கர்த்தர்மேல ஆணையா."

"அதை விழுப்புரம் டாக்டரம்மா சொல்லட்டும். ஏறுய்யா."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அன்றைக்கு ஆண்டி வேஷம் தேவசகாயத்துக்கு!

முனியம்மாளும் ஜீப்பில் தொற்றிக்கொண்டாள். ஜீப் விழுப்புரத்துக்குப் பறந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் நஃபீசா பீவி எதிர்ப்பட்டார்.

"முனியம்மா, வேற ஊசி போட்டேன். ஜுரம் எறங்கிடுச்சு. உன் தங்கச்சி பொழைச்சிட்டா."

முனியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சக்கரபாணி நெஞ்சை நிமிர்த்தினார்.

"குற்றவாளியைப் புடிச்சிக் கொண்டாந்துட்டேன் டாக்டர்."

"எதுக்கு? முனியம்மா குடுத்த மாத்திரையை லேப்ல பார்த்தாச்சு. சுத்தமான அசல். கோட்ரஸ் ஆளுங்ககிட்ட இருக்கற கிருமி அதுல சாவுது. லைன்மேட்டுக் கிருமி அதைத் தின்னுட்டு ஏப்பம் விடுது."

"ஒரே ஊருதானே டாக்டர்?"

"ஒரு திருடனைப் புடிச்சிப் புடிச்சி, ரெண்டே அடி போட்டு விட்டுட்டா என்ன ஆவான்?"

"லத்திக்குப் பழகிடுவான்."

"அதேதான். மாத்திரையை முழுசா சாப்பிடாம பாதியில விட்டா, கிருமியும் அதுக்கு அப்படித்தான் பழகிடும். ஏன் முனியம்மா, உங்க தெருவுல மட்டும் ஏன் இந்தக் கூத்து?"

முனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எங்களுக்குக் கக்கூஸ் ஏதும்மா? இருட்டுனாதான் ஏரிப்பக்கம் போவ முடியும். பகலெல்லாம் அடக்கிக்கினு, தண்ணி குடிக்காம கெடப்போம். அதான் அடிக்கடி கடுப்பு. கோட்ரஸ்ல நாங்கதான் பாத்திரம் தேய்க்கறோம். மிச்ச சோறு, மிச்ச கொழம்பு குடுக்கறாப்போல மிச்ச மாத்திரையும் குடுப்பாங்க. ஆளுக்கு ஒண்ணா பங்கு போட்டுக்குவோம்."

"கேட்டுச்சா?"

"மொதல்ல நல்லாத்தான் கேட்டுது. ஓசி மாத்திரையே கேட்டுது... காசு குடுத்து முழுசா வாங்குனது கேக்கலைன்னா, கடைக்காரன்தானே டூப்பு?"

சக்கரபாணி மீசையை முறுக்கினார்.

"தையல்நாயகிக்குக் கடைசியா மிச்சம் குடுத்தது யாரு? பேரைச் சொல்லு."

முனியம்மாள் தயங்கினாள்.

"உங்க வூட்டம்மாதாங்க. வலி போனதும் ரெண்டு நாள்ல நீங்க நிறுத்திட்டீங்களாமே."

மீசை முறுக்கிய கை அப்படியே நின்றது!

தேவசகாயம் பவ்யமாகத் தன் விலங்கை நீட்டினார். "சைஸு உங்களுக்குச் சரியா இருக்குமா பாருங்க சார்."

டாக்டர் சிரித்தார். முனியம்மாளும் அழுத கண்ணோடு சிரித்தாள். சக்கரபாணியும் சிரிக்கத்தான் பார்த்தார்...

அடிவயிற்றில் சுருக்!

பாதி மாத்திரையில் விட்ட கடுப்பு திரும்பி வந்திருந்தது.

"டாக்டர்... பாத்ரூம் எந்தப் பக்கம்?"

முனியம்மாள் எழுந்து வழியை மறித்தாள்.

"பட்டப்பகல்ல எங்க சார் போறீங்க? இருட்டட்டும்... அதுவரைக்கும் அடக்கிக்கினு இருங்க."