ஓட்டை வாளி

அம்மா முனீஸ்வரி இருமத் தொடங்கினால் பாண்டிசெல்வி புத்தகத்தை மூடிவிடுவாள். இருமல் ஓயும்வரை ஒரு வரி மண்டையில் ஏறாது.

அம்மாவுக்குப் பேரூராட்சியில் குப்பை அள்ளும் வேலை. ஊருக்கு வெளியே குப்பைமேடு எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். சில நாள் மேற்கே மலைகூடத் தெரியாது. அந்தப் புகைக்குள் போய்த்தான் அம்மா வண்டியைக் கவிழ்க்க வேண்டும்.

“புகைப் பக்கமே போகக் கூடாது” என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். வேலையை விட்டால் வீட்டில் உலை கொதிக்குமா?

சனிக்கிழமை துப்புரவு மேஸ்திரி வேல்பாண்டி வாசலுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“முனீஸ்வரி, மாசக் கடைசியில பேட்டரி வண்டியை வேற ஊருக்குக் கொடுத்துருவாக. பழையபடி தள்ளுவண்டிதான்.”

“எதுக்குண்ணே?”

“குப்பைப் புகையால பூமி சூடாகுதுன்னுதான் அரசாங்கம் நம்ம பேரூராட்சிக்குப் பணம் கொடுத்துச்சு. வண்டி வாங்கியாச்சு, உரக் கூடம் கட்டியாச்சு. மக்குற குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததுக்கு நீல வாளின்னு வீட்டுக்கு ரெண்டும் கொடுத்தாச்சு. ஒருத்தராச்சும் பிரிச்சுத் தாராகளா? அம்புட்டும் ஒரே பையில வருது. கூடம் பூட்டியே கிடக்கு. பொறவு கொளுத்தாம என்ன செய்ய? பிரிக்காத ஊருக்கு வண்டி எதுக்குன்னு கேக்காக.”

இந்த உடம்போடு அம்மா வண்டி தள்ளுவதா? பாண்டிசெல்வி நேரே எதிர்வீட்டு ஆனந்தவல்லியிடம் போனாள்.

“அத்தை, உங்க பச்சை வாளி எங்க?”

வாளி நிறையக் குடிதண்ணீர் இருந்தது.

“எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. புத்தம் புது வாளியில மீன் செதிலைக் கொட்டச் சொல்லுதியா, ஏட்டி?”

அடுத்த வீட்டில் நீல வாளியில் அரிசி. அதற்கடுத்த வீட்டில் துணி ஊறியது. ‘எங்கம்மா செத்தாலும் இவர்களுக்கு வாளிதான் பெரிது’ என்று பொருமிக்கொண்டே வீடு திரும்பினாள்.

அடுப்படியில் பச்சை வாளி. தட்டுப் போட்டு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர்!

“அம்மா, நீயுமா?”

“வேற நல்ல வாளி ஏதுட்டி நம்மகிட்ட?” என்றாள் அம்மா. சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

பாண்டிசெல்வியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொல்லையில் பழைய வாளி பிடியில்லாமல், அடி கீறிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், மறுபடி ஆனந்தவல்லி வீட்டுக்கு ஓடினாள்.

“அத்தை, புது வாளி உங்களுக்கே இருக்கட்டும். ஓட்டை வாளி ரெண்டு இருக்கா?”

“அது எம்புட்டு வேணும்? நீ எடுத்துட்டுப் போனா இடமாச்சும் மிஞ்சும்.”

கூடத்துக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை மேஸ்திரி கொடுத்தார். ஞாயிறு முழுக்க, தெருவெல்லாம் கேட்டு வாங்கிய ஓட்டை வாளிகளுக்குப் பச்சையும் நீலமும் பூசி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். கையும் மூக்கும் பச்சை.

திங்களன்று அந்தத் தெருக் குப்பை பிரிந்தே வந்தது. உரக் கூடத்தின் துருவேறிய பூட்டை மேஸ்திரி கல்லால் தட்டித்தான் திறந்தார். ஆனாலும் மற்றத் தெருக் குப்பை எரிந்தது. அன்றைக்கும் அம்மா இருமினாள்.

மறுநாள் பக்கத்துத் தெரு கருத்தம்மா இரண்டு உடைந்த வாளிகளோடு வாசலில் நின்றாள்.

“ஏட்டி, எனக்கும் கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுத் தாயேன்.”

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

மாசக் கடைசியில் பேட்டரி வண்டியை வாங்கிப்போக யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் பாண்டிசெல்வி ஒரு பாடம் முழுவதையும் புத்தகத்தை மூடாமலே படித்து முடித்தாள்.