லெட்டி கேட்ட கேள்வி

ஐவி பூத்ராய்ட் சலவைக்கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மணி மூன்றரைதான். ஆனால் நவம்பர் மூடுபனி ஹார்க்கர்டன் தெருக்களை அதற்குள் விழுங்கிவிட்டிருந்தது. ஆலையின் புகைபோக்கி இருந்த இடமே தெரியவில்லை. பின்னாலேயே மேபெல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். இருவரும் முப்பத்தொரு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள்.

"என்னடி இது, உள்ளே வெளியை விட ஜில்லுனு இருக்கு? ஸ்டவ்வு எரியுதா, சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்களா?" என்றாள் மேபெல்.

ஐவி கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அச்சுக்குப் போகவிருக்கும் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம் நான்காக மடிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை அச்சேறிவிடும். அதற்குள் அந்த ஒரு வரியை எடுக்க வைக்க வேண்டும். அவளுக்கு இந்த ஜென்மத்தில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

'1902-ல் லெட்டி ஹோய்ல் என்ற பதினேழு வயது தறிக்காரி, ஒரு படகுக்காரனோடு ஓடிப்போனாள்.'

லெட்டி ஐவியின் பெரியம்மா. ஐவியின் அம்மா கிளாராவுக்கு அப்போது ஏழு வயது. அக்கா ஓடிப்போனவள் என்று ஊரே ஏசியதில் அந்தக் குடும்பம் தேவாலயத்தில்கூடக் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தது. சாகும்வரை கிளாரா அக்காவின் பெயரை வாயில் எடுக்கவில்லை. இப்போது அதை அச்சடித்து, அட்டை போட்டு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கொடுக்கப் போகிறார்களாம்.

எழுதியவர் டெஸ்மண்ட் தாக்ரே. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர். இந்தப் பழைய சலவைக்கூடத்தில்தான் இப்போது சங்கம் கூடுகிறது. அவருடைய தாத்தா ஏமஸ் தாக்ரே அந்தக் காலத்தில் தறிக்கூடத்து மேஸ்திரி.

"வாங்க மிஸஸ் பூத்ராய்ட், வாங்க! டீ போட்டாச்சு. இஞ்சி கேக்கும் இருக்கு." டெஸ்மண்ட் வாசல்வரை வந்து வரவேற்றார். வழக்கத்தில் இல்லாத இந்த உபசாரமே ஐவிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சங்கத்திடம் இருக்கும், லெட்டி காணாமல்போன நாளில் எடுத்த பழைய படச்சுருளைப் போட்டுக் காட்டுங்கள் என்று ஆறு வாரமாகக் கேட்கிறாள். மெஷின் சரியில்லை, திரை கிழிந்திருக்கிறது என்று மனிதர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு மட்டும் என்ன கேக்கு?

டீ ஊற்றும்போதே பேத்தியின் போட்டோவை எடுத்து நீட்டினார். "கோடையில பொறந்தா. என் மக ஜில்லியன் பிராட்ஃபோர்ட்ல இருக்கா, நாளைக்குக் குழந்தையோட வர்றா. நீங்க பின்னின தொப்பிதான் போட்டிருக்கு, பாருங்க."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் ஐவி. குழந்தை என்ன பாவம் செய்தது? தாத்தாவுக்குத் தாத்தா எப்படிப்பட்டவனாக இருந்தால் அதற்கென்ன?

மேபெல் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஐவியின் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள். 'மூக்கைப் பாரு. அச்சு அசல் மேஸ்திரி மூக்கு.'

ஐவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முந்நூறு தறி ஒன்றாக ஓடும் கூடத்தில் காது கேட்காது. அதனால் அங்கே எல்லாமே உதட்டுப் பேச்சுதான். பத்துத் தறி தள்ளி நிற்பவளிடம் கல்யாணம், கருமாதி, கள்ளத்தொடர்பு என்று சகலத்தையும் சத்தமில்லாமல் பேசுவார்கள். ரகசியமென்றால் கை வாய்க்குப் போய்விடும். ஒருத்தி உன் கண்ணைப் பார்த்து வாயசைத்தால் போதும், கை அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்க, உதடு தானாகப் பதில் சொல்லிவிடும். மேஸ்திரிகளுக்கு மட்டும் அந்தப் பேச்சு கடைசிவரை பிடிபடவே இல்லை. தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து கறுவிக்கொண்டே நடப்பார்கள்.

விளக்கை அணைத்தார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஸ்டான்தான் மெஷினை ஓட்டினான். ஆலை வாசலில் எடுத்த மூன்று நிமிட ஊமைப்படம். தொடக்கத்தில் ஒரு பலகை தெரிந்தது: பெந்தெகொஸ்தே சனிக்கிழமை, 1902. மறுநாள் ஞாயிறு பண்டிகை, திங்கட்கிழமை தேவாலய ஊர்வலம் என்பதால் அரைநாளோடு வேலை முடிந்து கூட்டம் சிரித்துக்கொண்டு வெளியே கொட்டியது.

"அந்தத் தடிச்சி சொல்றா, 'தொப்பியைப் பாரு, காக்கா கூடு கட்டினாப்ல'ன்னு," மேபெல் உதட்டசைவை உரக்கப் படித்தாள். "இந்தப் பய சொல்றான், 'எனக்குப் பசிக்குது, நகருங்கடா'. அட, அப்பவும் இப்பவும் ஒரே கதைதான்!"

ஐவி சிரிக்கவில்லை. இடப்பக்கத் தூணருகே ஒரு பெண் அசையாமல் நின்றாள். தலையில் முக்காடு. மேலுதடு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. அது அம்மாவின் வாய். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வட்டத்தொப்பிக்காரன் ஒருவன் அவள் தோளில் கை வைத்து நின்றான். டெஸ்மண்டின் புத்தகத்துப் போட்டோவில் பார்த்த அதே ஏமஸ் தாக்ரே.

பெண் யாரிடமோ வாயசைத்தாள்.

'கிளாராகிட்ட சொல்லு, ரிப்பன் வாங்கிட்டு வர்றேன்னு. நீலம்தான்.'

"பாத்தியாடி?" ஐவியின் குரல் உடைந்தது.

"பாத்தேன்," என்றாள் மேபெல். அவளுடைய கேலியெல்லாம் போய்விட்டிருந்தது. "ரிப்பன்னா. நீலமாம்."

படம் முடிந்தது. ஐவி எழுந்து நின்றாள். "தங்கச்சிக்கு ரிப்பன் வாங்கப் போறவ படகுக்காரனோட ஓடுவாளா, மிஸ்டர் தாக்ரே?"

டெஸ்மண்ட் சிரிக்கப் பார்த்தார். "நீங்க பார்க்கணும்னு நினைச்சதைப் பார்த்திருக்கீங்க. அவ்வளவுதான்."

"சரி, அதை விடுங்க. உங்க புத்தகத்தையே எடுத்துக்குவோம். அறுபத்தி மூணாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? இந்தச் சலவைக்கூடத்துக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, ஊர் நன்மைக்காக எங்க தாத்தாவே நின்னு பெந்தெகொஸ்தே திங்களன்னிக்கு மூடினாருன்னு. எழுதினீங்களா, இல்லையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"திங்களன்னிக்கு!" என்றாள் ஐவி. "ஊரே புதுத்துணி போட்டுக்கிட்டு பேண்டு வாத்தியத்தோட ஊர்வலம் போற நாள். அன்னிக்கு எந்தக் கொத்தன் கரண்டியைத் தொடுவான்? தொட்டா அவன் பொண்டாட்டியே வீட்டுக்குள்ள விடமாட்டா. ஊர்ல ஈ காக்கா இல்லாத நேரம் பார்த்து அவர் ஒத்தை ஆளா எதை மூடினாரு?"

டெஸ்மண்டின் முகம் வெளுத்தது. ஆசிரியராக இருந்தும் இந்த ஊர்க் கணக்கு அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. ஒருவேளை தெரிந்துதான் இருந்ததோ? ஐவி அவருடைய கண்ணையே பார்த்தாள். கண் திரைப்பக்கம் போனது, தரைக்குப் போனது, மறுபடி திரைக்கு வந்தது.

"இன்னொரு தடவை போடு ஸ்டான்," என்றாள்.

"வேண்டாம்," என்றார் டெஸ்மண்ட் சட்டென்று.

ஸ்டான் போட்டுவிட்டான்.

தடிச்சி அதே காக்கா கூட்டைச் சொன்னாள். பையன் அதே பசியைச் சொன்னான். தூணருகே அதே பெண் நின்றாள். இம்முறை அவள் பக்கவாட்டில் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

'தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு.'

மேபெலின் விரல்கள் ஐவியின் முழங்கையை இறுகப் பிடித்தன.

'உன் நாற்காலிக்குக் கீழதான்.'

எங்கிருந்தோ சவர்க்கார வாடை வந்தது. பழைய காரச் சவர்க்காரமும் ஊறின கம்பளியும் கலந்த வாடை. இந்தக் கூடத்தில் துணி துவைத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"நான் போறேன்டி," மேபெல் கிசுகிசுத்தாள். "சத்தியமா எனக்கு வேண்டாம். நீயும் வா." கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வீட்ல ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கீங்க!" டெஸ்மண்ட் கத்தினார். எழுந்து வந்து ஐவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "ஸ்டான், இன்னொரு வாட்டி ஓட்டு! ஒரே படம் மூணு தடவையும் வேற வேற பேசுமா? என் கண் முன்னாடி படிக்கட்டும், பார்ப்போம்."

மெஷின் மறுபடி கடகடத்தது.

தடிச்சி. பையன். தொப்பிகள்.

தூண்.

அந்தப் பெண்ணின் முக்காடு நனைந்திருந்தது. ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் ஐவியைத் தொட்டு, ஐவியின் தோளுக்கு மேலே போய் நின்றது. பிறகு மெதுவாக, தறிக்காரிகளுக்கே உரிய பெரிய வாயசைப்பில் கேட்டாள்.

'உன் பக்கத்துல நிக்கிறது யாரு?'

முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஐவி யோசிக்கவே இல்லை. உதடு தானாக அசைந்துவிட்டது.

'தாக்ரே. மேஸ்திரியோட பேரன்.'

சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஐயோ, என்ன காரியம் செய்தேன்!

பெண் தலையை ஆட்டினாள். தோளிலிருந்த கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாள். கூட்டத்துக்குள் போகவில்லை, தெருவுக்கும் போகவில்லை. நேரே வந்தாள். முகம் திரை முழுவதும் நிறைந்தது. அப்புறம் திரையில் அவள் இல்லை.

பல்பு வெடித்தது. இருட்டில் சவர்க்கார வாடை ஆளைத் தூக்கியது. ஐவிக்குப் பக்கத்தில் ஈரத்துணி உரசிக்கொண்டு யாரோ கடந்து போனார்கள்.

ஸ்டான் தடுமாறிச் சுவர் விளக்கைப் போட்டான். டெஸ்மண்ட் நின்ற இடத்திலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கோட்டைக்கூட எடுக்காமல் மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.

ஸ்டான் வேறு பல்பு மாட்டி, யாரும் கேட்காமலே படத்தை இன்னொரு முறை ஓட்டினான். கூட்டம் கொட்டியது. இடப்பக்கத் தூணருகே வட்டத்தொப்பிக்காரன் தனியாக நின்றான். அவனுடைய கை வெறும் காற்றின் மேல், ஒரு தோள் உயரத்தில் நின்றது.

"இதை நான் யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்," என்றான் ஸ்டான். "நீங்களும் சொல்லாதீங்க."

ஐவி அன்றிரவு தூங்கவில்லை. மனசு இரண்டாகப் பிளந்து கிடந்தது. லெட்டி ஓடிப்போகவில்லை. அந்த ஒன்றைக் கேட்க அம்மா உயிரோடு இல்லையே என்று அழுதாள். ஆனால் டெஸ்மண்ட்? அவர் பொய் எழுதினார், சரி. கிணற்றில் தள்ளியது அவரில்லையே! நான்தானே ஆளைக் காட்டிக் கொடுத்தேன் என்று புரண்டு புரண்டு படுத்தாள்.

காலை பத்து மணிக்கு, அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, சமையலறை ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் டெஸ்மண்ட் நின்றிருந்தார். மழை இல்லை. ஆனால் அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மிஸ்டர் தாக்ரே? உடம்பு சரியில்லையா? உள்ள வாங்க."

அவர் உள்ளே வரவில்லை. ஒரு காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். நாற்பத்தோராம் பக்கம். அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல், எழுதப் பழகாத பெண்பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: 'லெட்டி ஓடிப்போகலை. லெட்டி இங்கதான் இருந்தா.'

ஐவிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசைப்பட்டது இதைத்தானே? "நன்றிங்க," என்றாள். "எங்கம்மாவுக்காக..."

அப்போதுதான் அவருடைய வாயைக் கவனித்தாள். மேலுதடு ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

உதடுகள் அசைந்தன. தறிக்கூடத்துக்குள் கால்கூட வைக்காத மனிதர். மேஸ்திரி வம்சத்தில் எவனுக்குமே வராத பேச்சு. பிசிறில்லாமல், பெரிதாக, நிதானமாக வந்தது.

'கிளாரா ரிப்பனைக் கேட்டாளா?'

'தினமும் கேட்டா,' என்றன ஐவியின் உதடுகள், அம்மா ஒருநாளும் கேட்டதில்லை என்றாலும்.

கண்ணாடிக்கு அப்பால் அந்த முகம் சிரித்தது. எவ்வளவு ஆசையான சிரிப்பு! ஐவி ஒரு கணம் பயத்தையே மறந்துவிட்டாள். பிறகு சிரிப்பு மறைந்தது. கண்கள் தெருக்கோடியில் இருந்த தாக்ரே வீட்டுப் பக்கம் போயின. அங்கே வாசலில் ஒரு கார் வந்து நின்றிருந்தது. ஒரு பெண் பின்கதவைத் திறந்து, பின்னல் தொப்பி போட்ட எதையோ வாரித் தூக்கிக்கொண்டிருந்தாள்.

முகம் ஐவியின் பக்கம் திரும்பியது.

'அது யாரு?'

ஐவி வலது கையால் வாயைப் பொத்தினாள். பற்றாதென்று இடது கையையும் மேலே வைத்து, பல் வலிக்கும்வரை அழுத்தினாள். மாட்டேன், சொல்லமாட்டேன், அது பச்சைக் குழந்தை என்று மனசுக்குள் அலறினாள்.

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் நகரவில்லை.

உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கண்ணாடிக்கு அப்பால், அந்த முகம் தலையை ஆட்டியது.