பெருசும் சின்னதும்

டைல்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு நான் போனது ஒரு நாயைக் கொல்வதற்காக. இப்படிச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. 'தூங்க வைப்பது' என்பார்கள். தூங்கினால் காலையில் எழுந்திருக்க வேண்டாமா? இருபத்திரண்டு வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இந்த மழுப்பல் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

காலையிலேயே அவர் போன் செய்திருந்தார்.

"சின்னதும் ஆரம்பிச்சிடுச்சு டாக்டர். தினம் ராத்திரி ஹால்லயே போயி வைக்குது. இனிமே என்னால முடியாது. வந்து ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க."

சின்னது என்பது அவர் வீட்டு நாய். பழுப்பு நிறம், நாலு வயது. குட்டியாக இருந்தபோதே மூன்று வாரத்தில் வெளியே போய்வரப் பழகிய சமர்த்து. 'சின்னதும்' என்று அவர் சொன்னதும் எனக்குப் பெருசின் ஞாபகம் வந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு இதே மனிதர் இதே குறையைச் சொல்லிப் போன் செய்தார். அன்று கிளினிக்கில் தலைக்கு மேல் வேலை. மேசையில் திமிறும் பூனை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"வீட்டுல பெருசு ஒண்ணு இருக்கு டாக்டர். இத்தனை நாள் ஒழுங்கா இருந்தது, இப்போ ராத்திரியில ஹால்லயே போயிடுது. வயசாயிடுச்சு. தண்ணி வேற குடம் குடமா குடிக்குது. என்ன பண்றது?"

இரண்டாவதாக ஒரு நாய் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் அப்படிக் குடிக்கிறது என்றால் அழைத்து வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு மேல தண்ணி வைக்காதீங்க. ராத்திரி ஒரு சின்ன ரூம்ல விட்டு வெளியில தாழ்ப்பாள் போட்டுடுங்க. படுக்கிற இடத்துல போகாது. கதவைக் கீறும், அழும். திறந்துடாதீங்க. ஒரு தடவை திறந்தா அதையே பழக்கமாக்கிக்கும்" என்றேன்.

"சரி டாக்டர்" என்று வைத்துவிட்டார்.

இன்று காலை, பெருசு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது போயி ஆறு மாசம் ஆச்சு" என்றார். எனக்குச் சொல்லவே இல்லையே என்றதற்கு, "உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார். சில பேர் பேச்சே அப்படித்தான்.

மாலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடையில் இருப்பதிலேயே உசத்தியான வெள்ளை டைல்ஸைத் தன் வீட்டுக்குப் போட்டிருந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நாய், பூனை, மாடு எதுவானாலும் வாடையை வைத்தே என்னால் சொல்ல முடியும். இது அழுகத் தொடங்கிய பழம் போல இனிப்பாக இருந்தது. நாயுடையது இல்லை என்றது மூக்கு. நான் மூக்கைச் சந்தேகப்பட்டேன்.

சின்னது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. அதன் மூக்கின் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது.

"மூக்கு என்ன ஆச்சு?"

"போன இடத்துலயே வச்சுத் தேய்ச்சேன். அப்பத்தான் புத்தி வரும்."

அந்த ஆளை ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. அதற்குப் பதிலாக, நோய் என்னவென்று பார்க்காமல் ஊசி போட மாட்டேன் என்றேன். இன்றிரவு இங்கேயே உட்கார்ந்து என் கண்ணால் பார்க்க வேண்டும்.

"பாருங்க. ஆனா விடிஞ்சா அது உசிரோட இந்த வீட்டுல இருக்கக் கூடாது. நீங்க போடலைன்னா எனக்கு வேற வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நாயைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஒழுங்காகக் காலைத் தூக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போயிற்று. பிறகு அதன் கயிற்றை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

பெருசை விட்டிருந்த அறையைக் காட்டச் சொன்னேன். கடைக்காரரின் மனைவி முன்னால் நடந்தாள். ஹாலின் கோடியில் இருந்தது அந்தப் பின்னறை. கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள். உள்ளே ஒரு பாயும் வெறும் தரையும். கதவின் உட்பக்கம் முழுக்கக் கீறல்கள். முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து என் நெஞ்சு வரை ஏறியிருந்தன. தாழ்ப்பாளுக்கு நேரே இருந்தவைதான் ரொம்ப ஆழம்.

"அடேயப்பா. பெருசு என்ன ஜாதி? இவ்வளவு உயரமா இருந்துச்சு?"

"எது டாக்டர்?"

"உங்க பெரிய நாய்."

அவள் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டுல என்னிக்கும் ஒரே நாய்தான் டாக்டர்."

"அப்போ பெருசு?"

"என் மாமனார். இவர் அவரை அப்படித்தான் சொல்வாரு. அது வந்துச்சு, இது தின்னுச்சுன்னு. சக்கரை வியாதி அவருக்கு. பெருசுக்கு எதுக்குத் தனியா டாக்டர்னு கேப்பாரு."

கதவைப் பிடித்துக்கொண்டேன். கை கீறல்களின் மேல் பட்டதும் எடுத்துவிட்டேன்.

"மூணு ராத்திரி தண்ணி தண்ணின்னு கீறிக்கிட்டே இருந்தாரு" என்றாள். "நான் எழுந்து போனேன். டாக்டர் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு என் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு. நாலாம் நாள் காலையில தாழ்ப்பாளை எடுத்தா, கதவோட சாஞ்சிருந்தாரு. மூணு ராத்திரியும் இந்தப் பக்கம் அவருக்குத் துணையாப் படுத்திருந்தது சின்னதுதான்."

அந்த டாக்டர் நான்தான் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மணி பத்தரை. ஹாலில் நானும் நாயும் மட்டும் இருந்தோம். பழுத்த பழ வாடை கூடிக்கொண்டே வந்தது.

கீ...ற்.

பின்னறைக் கதவின் உட்பக்கம்.

நகம் ஒன்று மெதுவாக இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

சின்னது தலையைத் தூக்கிப் பார்த்தது. அது குரைக்கவில்லை. வாலால் தரையைத் தட்டியது. டப், டப், டப்.

அதற்குச் சந்தோஷம்.

கதவுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்தது. டைல்ஸின் இடுக்குக் கோடுகளில் புகுந்து, திரும்பி, நேராக ஹாலின் நடுவுக்கு வந்து தேங்கியது. என் கால்விரலில் பட்டது.

சூடாக இருந்தது.

தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு கடைக்காரர் வந்தார். நேராக நாயின் கழுத்தைப் பிடித்தார். "பாத்தீங்களா? உங்க முன்னாலயே போயிருக்கு பாத்தீங்களா?"

"கயிறு என் கையில இருக்கு" என்றேன். "அது இங்கேயிருந்து அசையவே இல்ல."

அவர் கயிற்றைப் பார்த்தார். ஈரம் வந்த வழியைப் பார்த்தார். பினாயில் ஊற்றி ஊற்றித் துடைத்தவருக்கு அந்த வழி தெரியாமலா இருந்திருக்கும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாயின் உரிந்த மூக்கு அதற்குச் சாட்சி.

கீறல் வேகமாயிற்று.

"நான் என்ன பண்ணேன்?" அவர் கதவைப் பார்த்துப் பேசினார். "சொன்னதைத்தான செஞ்சேன். தண்ணி குடுக்காதே, திறக்காதேன்னு டாக்டர்தான் சொன்னாங்க." விரலை என் பக்கம் நீட்டினார். "இவங்கதான் அந்த டாக்டர்."

கீறல் நின்றது.

உள்ளே யாரோ கதவில் காதை வைத்துக் கேட்பது போல இருந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்காரரின் மனைவி போன் செய்தாள். இரவு முழுக்க ஒரு சொட்டு ஈரமில்லை, சத்தமுமில்லை என்றாள். "மாமனார் போயிட்டாரு போல டாக்டர்" என்றாள். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் முந்தின இரவு, என் வீட்டில், நான் படுத்த பிறகு, அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

என் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

அதிலிருந்து தினமும் கேட்கிறது. தலைமாட்டில் நிறைத்து வைக்கும் தண்ணீர் நள்ளிரவில் காலியாக இருக்கிறது. விடிந்தால்தான் கதவு திறக்கிறது. மூன்று வாரம் பொறுத்தேன். நேற்று தச்சரை வரவழைத்துக் கதவையே கழற்றி மொட்டை மாடியில் போட்டேன். வெறும் நிலைதான் இருந்தது.

நேற்று இரவு தொண்டை வறண்டு விழித்தேன். செம்பு காலி. எழுந்து அறை வாசல் வரை போனேன். எதிரே ஹால் விளக்கு எரிந்தது. அதன் அடியில் சின்னது படுத்திருந்தது தெரிந்தது.

தாழ்ப்பாள் விழுந்தது.

கையை நீட்டினேன். வெறும் காற்றில், விரல்நுனியில் மரம் பட்டது.

"தண்ணி" என்றேன். சின்னது என்னைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில், நிலைக்கு அந்தப் புறம், ஆள் உயரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்து வாலைத் தட்டியது. டப், டப், டப்.

கீறினேன். விடியும்வரை கீறினேன். யாரும் திறக்கவில்லை.

காலையில் அறைக்குள் தரை நனைந்திருந்தது. நாய் உள்ளே வரவே இல்லை. அந்த ஈரம் என்னுடையது. துணி எடுத்து வந்து நானே துடைத்தேன். என் நகக்கண்களில் மரச்சிராய் ஏறியிருந்தது.