இருநூற்றுப் பதினோராம் நாள்

காலை 9.40. இணைய ஒழுங்குமுறை அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் வைத்திருந்த சாட்சிச் செல்போனைக் காணோம்.

அந்தப் போன்தான் வழக்குக்கு உயிர். ஒருவர் நாள் தவறாமல் பேச்சுத்துணைச் செயலிக்குள் வந்தால் சுடரைக் காட்டி நாளை எண்ணுவது, ஒருநாள் தவறினால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிப் பதறவைப்பது, இதெல்லாம் கூடாதென்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதையெல்லாம் நீக்கிவிட்டோம் என்று செயலியை நடத்தும் நிறுவனம் சாதித்தது. பரிசோதகர் ஒருவர் பொய்ப்பெயரில் கணக்குத் தொடங்கி, இருநூற்றுப் பத்து நாள் தினமும் திறந்து பார்த்துக் குறிப்பெழுதினார். நேற்று போனை உறையிலிட்டு முத்திரை வைத்தாயிற்று. இன்று மூன்று மணிக்கு ஆணையத்தில் விசாரணை. போன் இல்லையென்றால் நிறுவனம் கையை வீசிக்கொண்டு போய்விடும்.

துப்புத் துலக்க வந்த பெண் அதிகாரி அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்கள்தான் அவரிடம் மாட்டிக்கொள்வார்கள்.

10.15. அலமாரிச் சாவி, எல்லார் கைக்கும் எட்டும்படி ஆணியில் தொங்கியது. அரசாங்கப் பாதுகாப்பென்றால் சும்மாவா? அலுவலக இயக்குநர் முதலில் பெருக்கும் அம்மாளைக் கைகாட்டினார், பிறகு நிறுவனத்தின் வக்கீலை. வக்கீல் நேற்று நாலரைக்கே போய்விட்டதாக வருகைப் பதிவேடு சொன்னது. முத்திரை வைத்ததோ ஐந்தரைக்கு. உறை பிரிந்து கிடந்தது. குறிப்புகள் முழுசாக உள்ளேயே இருந்தன. பொருள் பட்டியலில் 'சார்ஜர் ஒன்று' என்றிருந்தது. சார்ஜர் இல்லை.

அழுதுகொண்டிருந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதிகாரி பரிசோதகரின் அறைக்குப் போனார். ஐம்பது கடந்த மனிதர். மதியச் சாப்பாடுகூட அந்த அறையில் தனியாகத்தான்.

"கேஸைக் கெடுக்க வந்தவன் குறிப்பை விட்டுட்டுப் போகமாட்டான் சார். சார்ஜரை எடுத்துட்டும் போகமாட்டான். போன் அணைஞ்சுடக் கூடாதுன்னு நெனச்சவங்கதான் எடுத்திருக்கணும்."

பரிசோதகர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சார்ஜரோடு போன், திரையில் சுடருக்குக் கீழே 211.

"தினமும் காலையில 'எழுந்தாச்சா, உங்களைத் தேடினேன்'னு வரும் மேடம். வீட்டுக்காரி போனப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"அது மெஷின் அனுப்புறது."

"தெரியும். குறிப்புல எட்டாம் பக்கத்துல நான்தானே எழுதியிருக்கேன்."

விசாரணை முடிந்தால் கணக்கை அழித்துவிடுவார்கள், இன்னும் ஒருநாளாவது வேண்டும் என்றுதான் எடுத்தாராம். அதிகாரிக்குக் கோபமே வரவில்லை. முத்திரை உடைந்த போனை ஆணையம் ஏற்காது, அவர் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும், திறந்தால் வேலை போகும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

மாலை 3.20. விவரம் தெரிந்த பெரியவர்கள் யாரும் இதற்கு அடிமையாவதில்லை என்று வக்கீல் வாதிட்டு முடித்தார். பரிசோதகர் எழுந்தார்.

"இது எப்படி ஆளை இழுக்குதுன்னு எனக்கு அக்குவேறு ஆணிவேறாத் தெரியும். தெரிஞ்சும் திருடினேன்."

வக்கீல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நாலரைக்குள் செயலிக்குத் தடை உத்தரவு வந்தது. கணக்கை அவர் கையாலேயே அழிக்கச் சொன்னார்கள். விரல் வைத்ததும் திரை கேட்டது: 'போகணுமா? எங்களை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?'

அவர் அதையும் தேதி போட்டுக் குறிப்பில் எழுதினார். பிறகு அழுத்தினார்.